தேய்வதற்கென்றே வைத்த பாகங்கள்

பழைய சலவை இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டால், நல்லது ஒரு பக்கம், தேய்ந்தது ஒரு பக்கம் என்று தரையில் இரண்டு குவியல் சேரும். பெரும்பாலும் தேய்ந்த குவியல்தான் பெரிது. 'பிரித்தது பிரித்தாயிற்று, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடலாம்' என்று ஒரு தரப்பு சொல்லும். 'ஒரிஜினல் சாமானில் கைவைத்தால் மதிப்பே போய்விடும்' என்று மறுதரப்பு தடுக்கும். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் உள்ள லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பழைய மின்சாதனங்களைத் தேடி வருகிறவர்களிலும் இந்த இரண்டு கட்சி உண்டு. என் பார்வையில் இரண்டுமே யோசிக்கும் வேலையைத் தட்டிக்கழிக்கும் வழிகள். ஒரு பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அது தேயட்டும் என்று வைக்கப்பட்டதா, தேயவே கூடாது என்று வைக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு உதவும் சான்றுகள் பினாங்குத் தீவிலேயே, சலவைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் கிடைக்கின்றன. ஒன்று கடைவீடுகளின் சுவர். மற்றொன்று கொடிமலை ரயில்.

முதலில் இயந்திரத்தைப் பார்த்துவிடுவோம். பினாங்கில் நெடுங்காலம் துணி வெளுத்தது கல்லும் கையும்தான். ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம் தோபி காட் என்று இன்றும் வழங்கும் இடத்தில் ஆற்றங்கரையை ஒட்டித் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் குடியிருந்து தொழில் நடத்தினார்கள். வீட்டுக்குள் மெஷின் வந்தது பிற்பாடு. பிரிட்டனின் ஹூவர் நிறுவனம் வேல்ஸில் உள்ள மெர்தர் டிட்ஃபில் ஊரில் 1948-இல் ஆலை திறந்து, கையால் சுற்றிப் பிழியும் உருளை வைத்த சிறிய இயந்திரங்களைச் செய்தது. ஜப்பானில் சான்யோ 1953-இல் அதே வகையில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாட்சுஷிதா 1965-இல் மலேசியாவில் நிறுவனம் தொடங்கிய பிறகு 'நேஷனல்' என்ற பெயர் இங்கே வீட்டுப் பெயராகிவிட்டது. சீர்செய்ய இன்று அதிகம் அகப்படுவது துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இரண்டு தொட்டி வைத்த வகை. அதில் மோட்டாரும் இரண்டு. ஒன்று பெல்ட் வழியாகத் துவைக்கும் தொட்டியின் அடித்தட்டைச் சுழற்றும். இன்னொன்று பிழியும் கூடையை நேரடியாகப் பிடித்து நிமிடத்துக்கு 1,400 சுற்றை ஒட்டிய வேகத்தில் சுற்றும். நேரம் பார்ப்பது கடிகாரத்தைப்போல் சுருள்வில்லில் ஓடும் டைமர். கம்ப்யூட்டர் பலகை எதுவும் கிடையாது. அதனால்தான் கைத்திறன் உள்ள ஒருவர் வீட்டிலேயே இதைத் திறந்து புரிந்துகொள்ள முடிகிறது.

இந்தப் பாகங்களை அவற்றைச் செய்தவர் மனத்தில் இருந்தபடி பிரித்துப் பாருங்கள். தண்ணீர் மோட்டார் பக்கம் இறங்காமல் தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பர் ஆயில் சீல், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் அல்லது புஷ், பெல்ட், பிரேக் பட்டை, பிழியும் மோட்டாரின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர்கள் ஆகியவை தேய்ந்துபோவதுதான் அவற்றின் உத்தியோகம். அவை தேய்ந்தால்தான் தண்டும் கியரும் தொட்டியும் தேயாமல் இருக்கும். துணி அடியில் சிக்கி அடித்தட்டு நின்றுவிட்டால் பெல்ட் வழுக்கிச் சூடேறித் தேயும். அந்த வழுக்கல்தான் கியர்ப் பல்லைக் காப்பாற்றியது. இப்படிப்பட்ட பாகத்தை, 'எழுபதுகளின் ஒரிஜினல் பெல்ட்' என்று பாதுகாத்து அதைக்கொண்டே இயந்திரத்தை ஓட்டுவது, பெல்ட்டைக் காப்பாற்றுவதற்காக மெஷினைக் கொல்வதாகும். பழைய சீலில் சொட்டுச் சொட்டாக இறங்கும் சோப்புத் தண்ணீர் கீழே உள்ள பேரிங்கைத் துருவேற்றும். துருவேறிய பேரிங் தண்டை அரிக்கும். சீல் சில வெள்ளிக்குக் கிடைக்கும். தண்டோ எங்கு தேடினாலும் கிடைக்காது.

இதே தர்க்கத்தை ஜார்ஜ் டவுன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தன் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறிய இந்த நகரத்தின் பழைய கடைவீடுகள் செங்கல்லால் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசியவை. செங்கல் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஏற்றும். கடலோர ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு மிருதுவானது, நுண்துளை நிறைந்தது. ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்பு அதன் மேல் பூத்துப் பொருக்காக உதிரும். பூச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உதிர்வதைப் பார்த்துப் பொறுமையிழந்தவர்கள் பிற்காலத்தில் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் உதிரவில்லை. ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கியது. உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லைத் தூளாக்கியது. பூச்சு நின்றது, சுவர் போனது. லெபு லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையை 1990-களில் மீட்டெடுத்தவர்கள் மீண்டும் சுண்ணாம்பு முறைக்கே திரும்பினார்கள். 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அந்த வேலைக்குக் கிடைத்தது. இன்று அங்கே போகிறவர்கள் பார்க்கும் நீலப் பூச்சு நூறாண்டுப் பழையது கிடையாது. ஆனால் பழைய பூச்சு செய்த வேலையைச் செய்யும் பூச்சு. சுவரைப் பொறுத்தவரை அதுதான் நேர்மை.

சுவர் கற்றுத்தருவதில் பாதிதான் 'தேய்ந்ததை மாற்று' என்பது. மீதிப் பாதியைத்தான் பலர் கவனிப்பதில்லை: மாற்றுவது பழையதைவிட வலுவாக இருக்கக்கூடாது. கடையில் போய், 'இதைவிட ஸ்ட்ராங்கா இருக்கா?' என்று கேட்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வழுக்கும் சாதாரண பெல்ட்டுக்குப் பதில் வழுக்காத பல்பெல்ட்டைப் போட்டால், துணி சிக்கும்போது உடைவது கியர். பெல்ட்டை இறுக்கி முறுக்கினால் பக்கவாட்டுப் பாரம் பேரிங்கில் விழுகிறது. கூடுதல் சக்தி உள்ள மோட்டாரைப் பொருத்தினால், மெல்லிய தகட்டுச் சட்டம் விரிசல் விடுகிறது. ஒரு பழைய இயந்திரம் என்பது அதன் பலவீனங்கள் ஒன்றோடொன்று செய்துகொண்ட ஒப்பந்தம். எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அதை வடிவமைத்தவர் முடிவு செய்து வைத்திருக்கிறார். அந்த வரிசையைக் குலைக்காமல் இருப்பதே சீர்செய்பவரின் முதல் கடமை.

நல்லவேளையாக, தேய்வதற்கென்று வைத்த பாகங்கள்தான் எளிதில் கிடைப்பவையும். பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பாருங்கள். 6204 என்றிருந்தால் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. எந்த நாட்டில், எந்த நிறுவனம், எந்த ஆண்டு செய்திருந்தாலும் இந்த அளவு மாறாது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய இயந்திரத்துக்கான பேரிங்கை இன்று மோட்டார் சைக்கிள் உதிரிக் கடையிலேயே வாங்கிவிடலாம். ஆயில் சீலிலும் மூன்று அளவுகள் அச்சிட்டிருக்கும். பேரிங்குக்குப் பதிலாக வெண்கலத் தூளை அழுத்திச் செய்த நுண்துளை புஷ் இருந்தால், அதைக் கழற்றி எறிய அவசரப்பட வேண்டாம். எண்ணெயைத் தன் துளைகளுக்குள் சேமித்து வைப்பது அதன் குணம். காய்ந்துபோனது தேய்ந்ததுபோலவே சத்தம் போடும். மெல்லிய மோட்டார் எண்ணெயில் ஊறவைத்தால் பல புஷ்கள் மறுபடி வேலைக்கு வந்துவிடும். கிரீஸ் வைத்தால் துளைகள் அடைபடும். தையல் மெஷினுக்கு விடுவதுபோல் தேங்காய் எண்ணெய் விட்டால் சில மாதத்தில் பிசினாகிவிடும். தண்டில் சீல் உரசி உரசி ஒரு பள்ளம் விழுந்திருந்தால், அதற்கும் தண்டை மாற்றத் தேவையில்லை. பள்ளத்தின் மேல் ஏறி உட்காரும் மெல்லிய எஃகு உறைகள் விற்கின்றன. தேயக்கூடாத பாகம் தேய்ந்துவிட்டால் அதற்கு ஒரு தேயும் தோலைப் போர்த்துவது என்று இதைச் சொல்லலாம்.

ரப்பர் மட்டும் ஒரு விதிவிலக்கு கேட்கிறது. பழைய இயந்திரங்களில் இயற்கை ரப்பர் நிறைய இருக்கும். ஐம்பதுகளில் உலகத்துக்கு ரப்பர் அனுப்பியதில் மலாயா முன்னணியில் நின்றது. ஒரு பிரிட்டிஷ் மெஷினின் பிழியும் உருளையில் இருப்பது கெடாவிலோ பேராக்கிலோ ஒரு தமிழர் விடிகாலையில் சீவிய பாலாகவும் இருக்கலாம். உணர்ச்சிவசப்பட நல்ல காரணம்தான். ஆனால் இயற்கை ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் உப்பிப்போகும், வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். எண்ணெய் தொடும் இடத்தில் இன்றைய நைட்ரைல் ரப்பர் சீலைப் போடுவதே சரி. 'வலுவானதைப் போடாதே என்று சொல்லிவிட்டு இதை மட்டும் எப்படி ஏற்கிறீர்கள்?' என்று கேட்கலாம். நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும். ஆனால் தண்டோடு உரசும்போது முதலில் தேய்வது அப்போதும் அதுதான். பாகங்கள் விட்டுக்கொடுக்கும் வரிசை மாறவில்லை. அதனால் ஆட்சேபம் இல்லை.

மின்சாரம் என்று வரும்போது விவாதத்துக்கே இடம் கிடையாது. தண்ணீரும் 240 வோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கும் சாதனம் இது. பழைய வயரின் உறை, வளைத்துப் பார்த்தால் நொறுங்குகிறதா, எர்த் கம்பி உலோகப் பெட்டியில் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற எதுவும். நிறத்தை நம்ப முடியாது. பிரிட்டிஷ் வழக்கத்தில் சிவப்பு மின்சாரம் வரும் கம்பி. அறுபதுகளின் நடுப்பகுதிக்கு முந்தைய ஜெர்மன் சாதனங்களிலோ சிவப்பே எர்த். மோட்டாரைக் கிளப்பும் பழைய கெப்பாசிட்டர்களில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். ஜப்பானில் 1968-இல் அரிசித் தவிட்டு எண்ணெயில் அது கலந்து ஏராளமானோர் பாதிக்கப்பட்ட பிறகே, எழுபதுகளில் நாடுகள் அதன் உற்பத்தியை நிறுத்தத் தொடங்கின. உப்பியோ கசிந்தோ இருக்கும் கெப்பாசிட்டரை வெறுங்கையால் தொடவோ உடைக்கவோ கூடாது. அமெரிக்காவிலிருந்து ஆசையாகத் தருவித்த மெஷின் என்றால் இன்னொரு சிக்கல்: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடிச் சூடேறும். பிழியும் கூடையின் பிரேக் மின்பாகம் இல்லையென்றாலும் இந்த வகையில்தான் சேரும். மூடியைத் திறந்ததும் கூடை சட்டென்று நிற்காவிட்டால் குழந்தையின் கை போய்விடும். இந்தப் பாகங்களுக்கு வயதும் அழகும் ஒரு வாதமே கிடையாது. இந்த வேலையில் பழக்கமில்லாதவர் வயர்மேனை அழைப்பதே முறை.

இனி மறுபக்கம். தேயக்கூடாது என்று வைத்தவையும், தேய்ந்தாலும் ஓட்டத்தைக் கெடுக்காதவையும் உண்டு: பெட்டியின் பெயிண்ட், எழுத்து மங்கிய டைமர் குமிழ், கைப்பிடியில் விரல் பட்டுப் பட்டு மழுங்கிய இடம், நிறுவனத்தின் பெயர்த்தகடு. இவற்றைப் பலரும் முதலில் மாற்றுகிறார்கள். ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது இவைதான். உப்புத்தாளால் பழைய பெயிண்டைத் தேய்த்தெடுத்து, கார்ப் பட்டறையில் கொடுத்துப் பளபளவென்று ஸ்பிரே அடித்து, உள்ளே அதே செத்த சீலோடு கூடத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். இது முழுக்கத் தலைகீழ். பெயிண்டில் துருப்பிடித்த இடத்தை மட்டும் சுரண்டி, துருத்தடுப்பு பூசி, நிறம் பொருந்தத் தொட்டுவிட்டால் போதும். பினாங்கின் ஈரக்காற்றில் துருவை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. ஆனால் மழுங்கிய கைப்பிடி யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அந்த இயந்திரத்தை யாரோ ஆயிரக்கணக்கான முறை திறந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. புதுக் குமிழைப் போட்டால் அந்தச் சாட்சி குப்பைக்குப் போகிறது. பதிலுக்குக் கிடைப்பது கொஞ்சம் பளபளப்பு.

கொடிமலை ரயிலை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1923 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்த அந்தக் கம்பிவட ரயில் இரண்டு பகுதியாக ஓடியது. நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும், மேலே போய்ச்சேர அரைமணி நேரம் ஆகும். இழுக்கும் எஃகுவடம் தேய்வதற்கென்றே இருப்பது. காலம் வரும்போது அதை மாற்றுவதை யாரும் மரபுக்கேடு என்று சொல்லமாட்டார்கள். 1977-இல் பழைய மரப்பெட்டிகள் போய்ப் புதிய பெட்டிகள் வந்தன. அப்போதும் இரண்டு பகுதி, நடுவில் மாறுவது என்ற அமைப்பு அப்படியே இருந்தது. 2010-இல் ரயிலை நிறுத்தி, ஏறக்குறைய 6 கோடியே 30 லட்சம் வெள்ளிச் செலவில் முழு அமைப்பையே மாற்றினார்கள். 2011-இல் ஓடத் தொடங்கிய சுவிஸ் பெட்டி நூறு பேரை ஏற்றி, நடுவில் மாறாமல் நேராக, சில நிமிடங்களில் உச்சிக்குக் கொண்டுபோகிறது. பெட்டி பெரிதானதால் பாதை மாறியது. வேகம் கூடியதால் இழுவை இயந்திரம் மாறியது. மாறும் இடம் தேவையில்லாமல் போனதால் நடு நிலையத்தின் வேலையே போனது. சுண்ணாம்பைவிட வலுவான பூச்சு சுவரைக் கெடுத்ததுபோல, ஒரு பாகத்தின் தரத்தை உயர்த்தினால் அது மற்ற எல்லாவற்றையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்தத் தீவில் இல்லை.

அதனால் 2010-இல் செய்தது தவறா? பயணிகள் வண்டி என்ற கணக்கில் அப்படிச் சொல்லிவிட முடியாது. விடுமுறை நாளில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு அது தேவைப்பட்டது. திறந்த பிறகும் பழுதுச் செய்திகள் வந்தன என்பது வேறு கதை. ஆனால் அதைப் பழைய ரயிலைச் சீர்செய்தது என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன். பழைய ரயிலின் இடத்தில் புதிய ரயிலை வைத்தார்கள். முதல் தலைமுறைப் பெட்டி ஒன்று மாநில அருங்காட்சியகத்துக்குப் போனது. வீட்டு மெஷினுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். பழைய பெட்டிக்குள் புது மோட்டாரும் மின்னணுப் பலகையும் வைத்துத் துவைக்கலாம், அதில் குற்றமில்லை. விற்கும்போது மட்டும் 'சீர்செய்யப்பட்ட 1965 மாடல்' என்று சொல்லக்கூடாது.

தமிழ்நாட்டில் இதன் மறுகோடி இருக்கிறது. நீலகிரி மலை ரயில் 2005-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் செய்த அதன் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் தேய்ந்து தளர்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை பாகங்களை மாற்றுவதோடு நிற்கவில்லை. 2011 முதல் அதே வடிவில் புதிய எஞ்சின்களையே கட்டிக்கொடுத்தது. முழுக்கப் புதிய இரும்பு, பழைய வரைபடம், பல்சக்கரத்தில் ஏறும் அதே முறை, நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிப்பது மட்டும் மாற்றம். கொடிமலையில் பாதை அதே மலையில் இருந்தும் இயங்கும் முறை போய்விட்டது. ஊட்டியில் இரும்பு புதிதாகியும் இயங்கும் முறை நிலைத்தது. இரண்டில் எது பழையது என்று கேட்டால் எனக்கு ஊட்டி எஞ்சின்தான். எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பதும் தெரியும்.

ஒப்பாதவர்களின் வாதத்தில் ஒன்று கனமானது. 'பொருளின் மதிப்பு அதன் உடம்பில்தான் இருக்கிறது. ஓட்டினால் தேயும், தேய்ந்தால் மாற்றுவீர்கள், மாற்றி மாற்றி ஒன்றும் மிஞ்சாது. எனவே ஓட்டவே ஓட்டாதீர்கள்.' இதற்கு நல்ல முன்னுதாரணமும் உண்டு. கிரீன்விச்சில் உள்ள ஜான் ஹாரிசனின் கடல் கடிகாரங்களில் முதல் மூன்றும் எண்ணெய் தேவைப்படாத அமைப்பு என்பதால் இன்றும் ஓட்டப்படுகின்றன. நான்காவதற்கு எண்ணெய் வேண்டும், ஓடினால் தேயும் என்பதால் அதை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளுக்கு அது சரியான முடிவு. ஆனால் சலவை இயந்திரம் லட்சக்கணக்கில் ஆலையில் வார்த்தது. அதன் அருமை துவைக்கும் விதத்தில் இருக்கிறது: அடித்தட்டு தண்ணீரைச் சுழற்றும் முறையில், டைமர் எழுப்பும் சத்தத்தில். நிறுத்தி வைத்தால் அதுவும் முழுசாகப் பாதுகாக்கப்படுவதில்லை. இந்த ஊரின் ஈரத்தில் ஓடாத பேரிங் நின்ற இடத்திலேயே துருப்பிடித்து இறுகும். ஒரு மாடலில் மிஞ்சியது ஒன்றிரண்டுதான் என்று தெரிந்தால் மட்டும் கிரீன்விச் வழியை யோசிக்கலாம்.

இன்னொரு கேள்வி வீட்டிலிருந்து வரும்: 'சில நூறு வெள்ளிக்குப் புது மெஷின் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு?' துணி துவைப்பது மட்டுமே நோக்கம் என்றால் இதற்கு எதிர்வாதம் இல்லை, புதிதை வாங்கிவிடுவதே நல்லது. மீட்டெடுப்பது என்று முடிவு செய்தவருக்குத்தான் இந்தப் பேச்சு. அவருக்கும் செலவுக் கணக்கு முக்கியம். கணக்கு நான் மேலே சொன்ன பிரிவினையின் பக்கமே நிற்கிறது. பேரிங், சீல், பெல்ட், வயர் எல்லாம் மலிவு. தொட்டி, பெட்டி, குமிழ், மூடி ஆகியவற்றைத் தேடி வாங்குவதும் திரும்பச் செய்வதும்தான் பணத்தைத் தின்னும். மாற்ற வேண்டியவை மலிவாகவும் விட்டுவைக்க வேண்டியவை விலையேறியும் இருப்பது தற்செயல் இல்லை. தேயும் பாகத்தை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று தெரிந்தே அளவுகளைப் பொதுவாக்கினார்கள்.

கடைசியில், இரண்டு குவியலிலும் சேராத ஒன்று வந்தே தீரும். டைமரின் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் இரண்டு பல் ஒடிந்திருக்கும். அது தேயும் பாகமும் இல்லை, கடையில் கிடைப்பதும் இல்லை. அதே மாடலின் இன்னொரு பழைய மெஷினைத் தேடிப்பிடித்து அதன் டைமரைக் கழற்றுவது பலரும் செய்வது. ஆனால் அந்த இரண்டாவது மெஷினும் மீட்கத்தக்கதாக இருந்தால், ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை அழித்ததாகும். ஒடிந்த சக்கரத்தை அளந்து லேத் பட்டறையில் பித்தளையில் வெட்டலாம். ஆனால் பித்தளைப் பல் பக்கத்துப் பிளாஸ்டிக் பல்லைத் தின்னும். நைலானில் வெட்டியோ முப்பரிமாண அச்சில் எடுத்தோ பொருத்துவது நல்லது. 1964-இல் வெனிஸில் வகுத்த நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சாசனம், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இணங்கவேண்டும், ஆனால் உற்றுப் பார்ப்பவருக்குப் புதியது என்று தெரியவும் வேண்டும் என்கிறது. சக்கரத்தின் உட்பக்கத்தில் ஆண்டைக் கீறி வைத்தால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். ஒடிந்த பழைய சக்கரத்தை ஒரு பையில் போட்டு, எங்கிருந்து எப்போது கழற்றியது என்று எழுதி, பின்தகட்டின் உட்புறம் தண்ணீர் படாத இடத்தில் கட்டிவிட வேண்டும். அடுத்து திறப்பவர் நம்மைவிடத் திறமைசாலியாக இருந்தால், அந்த இரண்டு பல்லையும் ஒட்டிப் பழைய சக்கரத்தையே திரும்ப ஏற்றிவிடுவார்.